பெயர் கேட்காத நம்பிக்கை

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் முள்ளிவாய்க்காலைத் தாண்டினால் வட்டுவாகல் வரும். நந்திக்கடல் வாய்க்குக் குறுக்கே கிடக்கும் பழைய பாலம் ஒடுக்கமானது. எதிரெதிரே வரும் இரண்டு பஸ்கள் விலக இடமில்லை. ஒருவர் லைற் அடிப்பார், மற்றவர் கரையில் நிற்பார். லைற் அடித்தவர் யாரென்று நிற்பவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வாகனம் வருவது உண்மையாக இருந்தால் போதும்.

வாகனங்கள் ஒன்றோடொன்று பேசும் வலையமைப்புகளுக்குச் சான்றிதழ் முறைமை அமைப்பது என் தொழில். வேலை ஜேர்மனியில், ஊர் முள்ளிவாய்க்கால். 2019இல் அறிமுகமான எட்டாம் தலைமுறை ஃபொக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்கள் தம் இடத்தையும் வேகத்தையும் திசையையும் 5.9 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செக்கனுக்குப் பத்துத் தடவை வரை சொல்லிக்கொண்டே ஓடுகின்றன. இந்தச் செய்தியைப் பூட்டி அனுப்ப முடியாது. முன்பின் அறியாத வாகனமும் அதை உடனே வாசித்து பிரேக் பிடிக்க வேண்டும். அதேவேளை, வீதியோரத்தில் ஒரு வானொலிக் கருவியோடு இருக்கும் எவனும் இல்லாத லொறியைப் பாலத்தில் ஏற்றிவிடவும் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம். கையொப்பமிடும் இரகசியத் திறப்பு வாகனத்தின் பாதுகாப்புச் சிப்பை விட்டு வெளியே வராது. கையொப்பத்தைச் சரிபார்க்கும், அதன் சோடியான பகிரங்கத் திறப்பு சான்றிதழில் இருக்கும். சுற்றிலும் 50 வாகனங்கள் என்றால் செக்கனுக்கு 500 கையொப்பங்கள் வரலாம். கையொப்பம் ஒவ்வொன்றும் 64 பைட். அலைவரிசை நெருக்கடியைக் குறைக்க ஐரோப்பிய முறையில் முழுச் சான்றிதழையும் செக்கனுக்கு ஒரு தடவைதான் சேர்க்கிறோம். மற்றச் செய்திகளில் அதன் 8 பைட் சுருக்கம் மட்டும் போகும்.

இவ்வளவும் கணக்கு. கைப்பக்குவம் இதற்குப் பிறகுதான் வேண்டும். ஒரு வாகனத்துக்கு ஒரே சான்றிதழைக் கொடுத்தால், சந்திக்குச் சந்தி ஒரு அலைவாங்கியை நட்டு வைப்பவர் அந்த வாகனத்தின் முழு நாளையும் எழுதி வைத்துவிடலாம். ஆகவே பெயரோ இலக்கத் தகடோ இல்லாத, ஒரு வாரத்தில் காலாவதியாகும் புனைபெயர்ச் சான்றிதழ்களைக் கட்டாகக் கொடுக்கிறோம். அமெரிக்க வடிவமைப்பில் வாரத்துக்கு 20. வாகனம் இவற்றை மாற்றி மாற்றிப் பாவிக்கும். அவற்றை வழங்கும் அதிகாரமும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஐரோப்பிய முறையில் பதிவு அதிகாரிக்கு வாகனத்தைத் தெரியும், அது எந்தப் புனைபெயரில் ஓடுகிறது என்பது தெரியாது. சான்றிதழ் வழங்கும் அதிகாரிக்குப் புனைபெயர் தெரியும், வாகனம் தெரியாது.

என்னோடு வேலை செய்யும் பலருக்கு இந்தப் பிரிவினை தரநிர்ணய ஆவணத்தின் ஒரு பிரிவு. வன்னியில் வளர்ந்தவருக்கு அது அப்படியில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச் சாவடி, புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. யார், எங்கிருந்து, எதற்கு, எப்போது திரும்புவீர் என்று இரண்டு பக்கமும் கேட்டன, இரண்டு பக்கமும் எழுதின. போர் முடிந்த 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தால் சனம் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நடந்து போனது. அங்கே கையளிக்கப்பட்டவர்கள் எங்கே என்று உறவுகள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பெயரைச் சொன்னால்தான் வழி என்ற ஒழுங்கில், பெயர் எழுதிய கொப்பி யார் கையில் இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கும்.

ஆனாலும் புனைபெயரை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. கொழும்பு நெரிசலில் சான்றிதழை மாற்றினால் வாகனம் கூட்டத்துக்குள் கலந்துவிடும். இரவு பதினொரு மணிக்குப் புதுக்குடியிருப்புத் தாண்டித் தனியே ஓடும் வாகனம் எத்தனை தடவை மாற்றினாலும் வீதியில் அது ஒன்றுதான். பழைய பெயர் நின்ற இடத்திலேயே புதிய பெயர் முளைப்பதைப் பார்ப்பவர் கண்டுகொள்வார். மாற்றும்போது சிறிது நேரம் மௌனமாக ஓடலாம் என்பது ஒரு யோசனை. ஆனால் அந்த மௌனத்தில்தான் எதிரே வரும் மோட்டார் சைக்கிளுக்கு எச்சரிக்கை தவறிப்போகலாம். பாதுகாப்பும் அந்தரங்கமும் இப்படி முட்டிக்கொள்ளும் இடத்துக்கு முழுத் தீர்வு இல்லை. எந்த வீதிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

கையொப்பம் சரியாக இருந்தாலும் செய்தி பொய்யாக இருக்கலாம். பழுதான உணரியோ கைவைக்கப்பட்ட வாகனமோ, செல்லுபடியான சான்றிதழோடு, நந்திக்கடலுக்கு நடுவில் நிற்பதாகச் சொல்லலாம். அதனால் இடமும் வேகமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று செய்தியைப் பெறும் வாகனமே பார்க்க வேண்டும். தொடர்ந்து பொய் சொல்லும் வாகனத்தை நிறுத்தியும் ஆக வேண்டும். அமெரிக்க வடிவமைப்பில், அதன் புனைபெயர்களை ஒன்றாக இணைத்து இரத்துப் பட்டியலில் போட இரண்டு தனித்தனி அமைப்புகளின் தரவு சேர வேண்டும்; ஒன்றால் தனியே முடியாது. ஐரோப்பாவில் புதிய கட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். கையில் இருப்பது தீரும்வரை பொய் ஓடும். ஆனால் பெயர்களைக் கோக்கும் பட்டியல் உருவாகாது. இரண்டுக்கும் விலை உண்டு. முதலாவதை விரைவுக்காக மதிக்கிறேன், இரண்டாவதையே தெரிவு செய்வேன்.

எங்கள் வீதிகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை. வரும்போது கார், சிப், வேகம் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. வாகனத்தை அறிந்த அலுவலகமும் புனைபெயரை அறிந்த அலுவலகமும் ஒரே அமைச்சின் கீழ் வருமா? அவற்றின் பதிவுகளைச் சேர்க்க நீதிமன்றக் கட்டளை வேண்டுமா, தொலைபேசி அழைப்பு ஒன்று போதுமா? இந்த விடைகள் சட்டமாக எழுதப்படாவிட்டால், எவ்வளவு நேர்த்தியான கையொப்பமும் ஓமந்தைச் சாவடியை ஒவ்வொரு காருக்குள்ளும் கொண்டுவந்து வைத்துவிடும்.