நாரி உளைவென்று நாம் சொல்வது

லா சப்பல் மெற்றோப் படிகளைச் சிரமமின்றி ஏறிவிடும் எம்மவர் சிலர், வீதியில் நிமிர்ந்து நடந்ததும் சில நிமிடங்களில் கால் விறைத்து நின்றுவிடுகின்றனர். எங்கேனும் அமர்ந்தால் நோ அகல்கிறது. தள்ளுவண்டியில் சாய்ந்து நடந்தாலோ வெகுதூரம் செல்வர். நாரிப்பிடிப்பு, வாதம், குளிரின் கோளாறு என்று நாம் பல பெயர் சொல்கிறோம். உணவகங்களில் கோப்பை கழுவி நின்ற தலைமுறை அல்லவா, உளைவு இயல்பென்றும் ஆறுதல் கொள்கிறோம்.

பிரெஞ்சு வைத்தியர்கள் இதனைக் 'கனால் லொம்பேர் எத்ருவா' என்பர். வயதேற முள்ளந்தண்டின் வட்டத்தட்டுகள் தேய்ந்து, மூட்டுகளும் இணையங்களும் தடித்து, நரம்புகள் செல்லும் கால்வாய் ஒடுங்குகிறது. நிமிர்ந்தால் மேலும் ஒடுங்கும். குனிந்தால் சற்று அகலும். ஒல்லாந்து நிபுணர் ஹென்க் வெர்பீஸ்ற் 1954இல் இவ்வொடுக்கத்தை விவரித்து எழுதினார்.

வலிமாத்திரையும் உடற்பயிற்சியுமே முதற்படி. சைக்கிள் மிதிப்பது பலருக்கு ஒத்துக்கொள்ளும். அடுத்தது முள்ளந்தண்டில் ஏற்றும் கோட்டிசோன் ஊசி. இதில் எம்மவர் வைக்கும் நம்பிக்கை சற்று மிகையே. அமெரிக்காவில் 400 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், விறைப்பு மருந்தை மட்டும் ஏற்றியோருக்கும் கோட்டிசோன் சேர்த்து ஏற்றியோருக்கும் ஆறு வாரங்களின் பின் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நீரிழிவுக்காரருக்கு அது சீனியையும் ஏற்றிவிடும்.

சத்திரசிகிச்சை என்றதும், "முதுகில் கத்தி வைத்தால் பிறகு கட்டில்தான்" என்பார்கள். முண்ணாண் நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதன் கீழே இருப்பவை நரம்புவேர்கள். நெரிக்கும் எலும்பை அகற்றி அவற்றுக்கு இடங்கொடுப்பதே சிகிச்சை. கிருமித்தொற்று, நரம்புறை கிழிதல் போன்ற ஆபத்துகள் உண்டு. கால்நோ குறையுமளவு நாரிநோ குறைவதுமில்லை. 2015இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், 169 பேரில் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டோரும் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டோரும் இரண்டாண்டின் பின் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். ஆயினும் பயிற்சிக்காரரில் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் சத்திரசிகிச்சைக்கு மாறியிருந்தனர். ஆகவே பலருக்கு அவசரப்பட வேண்டியதில்லை. நடை நாளுக்கு நாள் சுருங்கினால் அஞ்சி ஒதுங்கவும் வேண்டியதில்லை.

ஆனால் வைத்தியர் முன் நாம் சொல்வது "நாரி நோ" என்ற இரண்டு சொற்களையே. எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, நின்றாலே நோ தணிகிறதா, குனிந்தோ அமர்ந்தோதான் தணிகிறதா என்பதைச் சொல்வதில்லை. நின்றாலே தணிந்தால் அது இரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். மொழிபெயர்க்க வருபவளோ பெரும்பாலும் மகள். சலம் கட்டுப்படவில்லை, மறைவிடம் விறைக்கிறது என்று அவளிடம் எந்தத் தகப்பன் வாய்திறப்பார்? அவையும் கால் திடீரெனச் சோர்வதுமே ஒருநாளும் தாமதிக்கக்கூடாத அறிகுறிகள். அவை கண்டால் உடனே 15ஐ அழைக்கவேண்டும், அல்லது அண்மையிலுள்ள லரிபுவாசியேர் வைத்தியசாலையின் அவசரப்பிரிவுக்குச் செல்லவேண்டும். வாயால் சொல்லக் கூசுபவர், பிரெஞ்சு தெரிந்த நண்பரைக்கொண்டு ஒரு கடதாசியில் எழுதுவித்து வைத்தியர் கையிலேயே கொடுக்கலாம்.