மூச்சு விடும் கேபிள்கள்

நியூயார்க் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தே கழுத்தைச் சுளுக்கிக்கொள்கிறார்கள். மன்ஹாட்டனில் ஒரு தடவை குனிந்தும் பாருங்கள். சில தெருமுனைகளில் பளபளவென்று ஒரு பெரிய சிலிண்டரைக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். குழாயில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். அதிலிருந்து ஒரு ட்யூப் நேரே மேன்ஹோலுக்குள் இறங்கும்.

"என்னடா அது, பீர் பீப்பாயா?" என்று கேட்டேன், பத்து வருஷமாக அங்கே குப்பை கொட்டும் அத்தை பையனிடம்.

"நைட்ரஜன். டெலிபோனுக்கு" என்றான் சர்வ சாதாரணமாக.

டெலிபோனுக்கு எதற்கு நைட்ரஜன்? பழைய பெரிய கேபிள்களுக்குள் ஆயிரக்கணக்கான செப்புக் கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் காகிதம்தான் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஈய உறை. தண்ணீர் புகுந்து காகிதம் நனைந்தால் முதலில் கொரகொர சத்தம், அப்புறம் யார் வீட்டுப் பேச்சோ நம் காதில், கடைசியில் மௌனம். அதனால் எக்ஸ்சேஞ்சில் கம்ப்ரஸர் வைத்து, ஈரம் நீக்கிய காற்றைக் கேபிளுக்குள் அழுத்தி அனுப்புகிறார்கள். அந்தக் காற்று போதாத இடத்துக்குத்தான் இந்தச் சிலிண்டர். உள்ளே இருப்பது மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன். ஆவியாகி ஆவியாகிக் கேபிளுக்குள் போகும்.

உறையில் ஓட்டை விழுந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர, தண்ணீர் உள்ளே வராது. பி.காம். படித்த எனக்கே புரிகிற விஞ்ஞானம்: செலவு இருந்தாலும் வரவு நிற்காதவரை கடை நடக்கும்!

இதற்குக் கணக்குப்பிள்ளையும் உண்டு. கேபிள் நெடுக ஆங்காங்கே அழுத்தமானிகள் எக்ஸ்சேஞ்சுக்குத் தகவல் அனுப்பும். எங்கே அழுத்தம் குறைகிறதோ, அந்தப் பக்கம்தான் ஓட்டை. ஆள் மேன்ஹோலில் இறங்கி, கேபிளில் உள்ள வால்வில் (கார் டயரில் இருக்குமே, அதே ஜாதி) கேஜைச் செருகிப் பார்ப்பார். பிறகு சோப்புத் தண்ணீர் தடவுவார். குமிழி வந்தால் பஞ்சர்! நம்மூர் சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிறாரே, அதற்கு அண்ணன் தம்பி முறை.

2012 அக்டோபர் 29 ராத்திரி, 'சாண்டி' புயலில் மன்ஹாட்டனின் தென்கோடியில் கடல் சுமார் 14 அடி எழும்பியது. டெலிபோன் நிலையங்களின் நிலவறைகளில் உப்புத் தண்ணீர். காற்று நின்றது. வரவு போனதும் ஓட்டைகள் தங்கள் வேலையைக் காட்டின. பல தலைமுறை பேசிய செப்புக் கேபிள்கள் ஊறிப் போயின. வெரைசான் கம்பெனி அவற்றுக்கு வைத்தியம் பார்க்காமல் கண்ணாடி இழைக் கேபிளுக்கு மாறியது. இதற்கு மூச்சு ஊத வேண்டாம். ஈரத்துக்கும் அவ்வளவாக அஞ்சாது.

ஒரே ஒரு குறை. செப்புக் கம்பி போனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்துவிடும். வீடு இருட்டானாலும் பேசலாம். கண்ணாடி இழைக்கோ வீட்டிலும் கரண்டோ பேட்டரியோ வேண்டும்.

ஆகவே அந்தச் சிலிண்டரைப் பார்த்தால் இடிக்காமல் ஒதுங்கிப் போங்கள். மாடியில் தனியாக இருக்கும் ஏதோ ஒரு பாட்டியின் போன், அதன் தயவில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.