படத்தின் ஓரத்தில் ஒரு கை

கடந்த ஆண்டு ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்த வேளையில், பேர்த்தியைப் படம் பிடிப்பதற்கென ஒரு பெண் வந்தார். குழந்தை பிறந்து 12 நாட்களே ஆகியிருந்தன. நமது ஊரில் 31ஆம் நாள் துடக்குக் கழிந்த பின்னர்தான் உற்றார் உறவினர் பிள்ளை பார்க்க வருவது வழக்கம். அங்கோ முதல் இரண்டு வாரங்களுக்குள் படம் பிடித்துவிட வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பின்னர் குழந்தை கைகால்களை நீட்டி உதைக்கத் தொடங்கிவிடும், வயிற்றுக்குள் கிடந்ததுபோலச் சுருண்டு உறங்கும் தோற்றம் கிடைக்காது என்பது காரணம்.

வந்தவர் வடமராட்சிப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்த பிள்ளை. வயது முப்பதுக்குள் இருக்கும். வந்தவுடன் கைகளைக் கழுவினார். மோதிரங்களையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தார். அறையின் வெப்பத்தைக் கூட்டச் சொன்னார். மழை பெய்வது போன்ற ஓசையை எழுப்பும் சிறு கருவியொன்றைக் குழந்தையின் அருகில் வைத்தார். பின்னர் காத்திருந்தார். குழந்தை பால் குடித்தது, துணியை நனைத்தது, அழுதது, மறுபடியும் பால் குடித்தது. கமரா ஒரு மணித்தியாலம் வரை பையை விட்டு வெளியே வரவில்லை. செய்தியாளர் மாநாட்டில் அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் பத்துப் படம் எடுத்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களோடு காலம் கழித்த எனக்கு அந்தப் பொறுமை வியப்பாக இருந்தது.

ஒரு தோற்றத்துக்காக அவர் அதிக நேரம் செலவிட்டார். குழந்தை முழங்கைகளை ஊன்றி, இரு கைகளிலும் நாடியைத் தாங்கி, ஏதோ பெரிய யோசனையில் ஆழ்ந்திருப்பது போன்ற தோற்றம். இணையத்தில் அத்தகைய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உண்மையில் எந்தப் பச்சைக் குழந்தையும் அப்படி இருக்க இயலாது. கழுத்துக்கு அந்தப் பலம் இல்லை. முதலில் மகள் தனது விரல்களால் குழந்தையின் தலையை மேலிருந்து பிடித்துக்கொண்டாள். ஒரு படம். அடுத்துத் தலையை விட்டு மணிக்கட்டுகளைப் பிடித்தாள். இன்னொரு படம். இரண்டையும் கணினியில் ஒட்டி, தாயின் விரல்களை அழித்துவிடுவார்களாம்.

"பயப்பிடாதேங்கோ அங்கிள், கடைசிப் படத்திலை அக்கான்ரை கை தெரியாது" என்றார் அந்தப் பெண்.

கை தெரிகின்ற படம் ஒன்று எனக்கு வேண்டும் என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பகிடி அல்ல என்பதை விளக்கத்தான் இதனை எழுதுகிறேன்.

தாயை மறைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் காட்டும் வழக்கம், கணினி வந்தபின் தோன்றியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல நொடிகள், சிலவேளை நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. கைக்குழந்தை அசையாமல் இருக்குமா? ஆகவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஸ்ரூடியோக்காரர்கள் தாயை நாற்காலியில் இருத்தி, தலையோடு சேர்த்துத் துணியால் போர்த்து, அவளது மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தார்கள். பார்ப்பவருக்குத் துணி விரித்த ஆசனத்தில் குழந்தை தனியே இருப்பது போலத் தோன்றும். துணிக்குள்ளிருந்து நீளும் ஒரு கை சில படங்களில் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் காலத்தில் குழந்தைகளை அழகாகப் படம் பிடித்தவர்களில் ஒருவர் நமது நாட்டு மண்ணிலேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் ஜூலியா மார்கரெட் கமரன். அரசறிவியல் படித்தவர்களுக்குக் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவும் 1833ஆம் ஆண்டின் சீர்திருத்தமும் நினைவிருக்கும். அந்தக் கமரனின் மனைவியே இவர். 1863இல், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு படம் பிடிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஜனவரியில் எடுத்த ஒரு சிறுமியின் முகத்தையே தமது முதல் வெற்றியென்று குறித்து வைத்தார். பிள்ளைகள் அசைந்ததால் கலங்கிப்போன படங்களையும் அவர் எறிந்துவிடவில்லை. கலங்கலே அழகு என்று காட்டினார். அதற்காக அக்காலத்து விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது வேறு கதை. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் மலையகத்தில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்காரர் எவரும் கமரனைப் பற்றி அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் பிள்ளைகளைக் கையாளும் கலை அவர்களுக்குக் கைவந்திருந்தது. நான் நன்கு பழகிய ஒருவர் இருந்தார். நகரத்தில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒடுக்கமான கடை. ஏரியும் அன்னமும் வரைந்த பின்திரை, சுண்ணாம்புத் தூண், இலக்கங்கள் அழிந்துபோன தொலைபேசி, மூன்று சில்லுச் சைக்கிள். தகர டப்பாவுக்குள் புளியங்கொட்டை போட்டு ஆட்டுவார். குழந்தை திரும்பிப் பார்க்கும். ஆனால் அந்தக் கணத்தில் அவர் படம் எடுக்க மாட்டார். "சத்தத்துக்குத் திரும்பினாப் பயந்த முகம் தம்பி. அது ஆறி, என்னவெண்டு யோசிக்கேக்கை எடுக்கோணும்" என்பார். பன்னிரண்டு படம் வரும் சுருளில் ஒரு குடும்பத்துக்கு மூன்றுக்கு மேல் செலவழிக்க மாட்டார். அதற்கு மேல் என்றால் முதலுக்கு மோசம்.

நெகற்றிவில் கூர்ப் பென்சிலால் திருத்துவதும் அவரே. பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்துத் தெரியும். ஒருமுறை வேலை பழகவந்த பையன் ஒருவன், குழந்தையின் கன்னத்தில் இருந்த கறுப்பைப் பழுதென்று எண்ணித் திருத்திவிட்டான். அது நாவூறு படாமலிருக்கத் தாய் வைத்த பொட்டு. பொட்டில்லாத பிள்ளையைச் சுவரில் தொங்கவிட்டு ஊரின் கண்ணெல்லாம் படவா என்று கேட்டு அந்தத் தாய் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். ஸ்ரூடியோக்காரர் மறுபேச்சுப் பேசாமல் தூரிகையால் படத்தில் பொட்டை வைத்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் ஓர் இலக்கம் எழுதுவார். அதே இலக்கமிட்ட கடித உறையில் நெகற்றிவ் இருக்கும். உறைகள் பிஸ்கற் தகரங்களில் அடுக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் விரும்பாமல் தள்ளிய படங்களின் நெகற்றிவும் அந்த உறையிலேயே கிடக்கும்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

இறந்தவரின் படத்தைக் கேட்டு வீட்டுக்குப் போவது பத்திரிகையாளனின் வேலைகளில் மிகவும் கூசவைப்பது. 1980களில் அது எனக்கு ஏறக்குறைய வாராந்த வேலையாயிற்று. அழுகைச் சத்தத்தின் நடுவே யாராவது ஒரு பெரியவர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, பிறேமின் ஆணிகளைக் கத்தியால் நெம்பி எடுத்துத் தருவார். பெரும்பாலும் அந்த வீட்டில் இருந்த ஒரே படம் அதுவாக இருக்கும். "கவனமாத் திருப்பித் தாங்கோ தம்பி" என்பார்கள். நாங்கள் தலையாட்டுவோம்.

1987இல் ஷெல் விழுந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். எனக்குக் கிடைத்தது 1983இல் எடுத்த குடும்பப் படம். தகப்பன் நிற்கிறார், தாய் இருக்கிறார், மூத்த பெண் தாயின் மறுபக்கத்தில். மூன்று வயதுப் பையன் ஒரு முக்காலியின்மேல் நிற்கிறான். அவன் விழுந்துவிடாமல் தாய் பின்புறமாகக் கையைக் கொடுத்து அணைத்திருக்கிறார். தோளின்மேல் அவரது நான்கு விரல்கள் தெரிகின்றன. படத்தின் பின்புறம் "முகம் மட்டும், ஒரு கொலம்" என்று எழுதி அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு பக்கம் அமைத்தவருக்கு அவசரம். கத்தரிக்கோலை எடுத்து முகத்தை வெட்டி ஒட்டிவிட்டார். அவரைக் குறைகூற மாட்டேன். நான் எழுதியதைத்தான் அவர் செய்தார். மறுநாள் பத்திரிகையில் அந்த முகம் நன்றாகவே வந்திருந்தது. தோளோரத்தில் இரண்டு விரல் நுனிகள், யாருடையவை என்று சொல்ல முடியாதபடி. மிகுதிப் படத்தைக் கழிவுக் கடதாசிக் கூடைக்குள் தேடி எடுத்தேன். தகப்பனும் தாயும் மகளும் இருந்தார்கள், நடுவே சதுரமாக ஓர் ஓட்டை. வெட்டிய முகம் பசையில் ஊறி, உரித்தபோது கிழிந்துபோயிற்று.

மூன்று நாட்கள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் ஓட்டை விழுந்த படத்தின் பின்புற இலக்கத்தோடு ஸ்ரூடியோவுக்குப் போனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏச்சு விழும் என்று நின்றேன். "இனிமேல் படத்திலை கத்தரிக்கோலை வைக்க விடாதேங்கோ. பின்பக்கம் பிள்ளையின்ரை பேரையும் ஊரையும் பென்சிலாலை எழுதி வையுங்கோ. எங்கடை இலக்கம் எங்களுக்கு மட்டும்தான் விளங்கும்" என்றார். அவ்வளவுதான்.

உறை கிடைத்தது. ஆனால் குடும்பத்தார் 1983இல் தெரிந்தெடுத்த நெகற்றிவில் பூஞ்சணம் பிடித்து, முகங்கள் புள்ளி புள்ளியாகிவிட்டன. தள்ளப்பட்ட இரண்டில் ஒன்றில் தகப்பன் கண் மூடியிருந்தார். மற்றதில் பையன் அசைந்துவிட்டான். கமராவைப் பாராமல் அண்ணாந்து தாயின் முகத்தைப் பார்க்கிறான். முகம் சற்றுக் கலங்கல். வாய் சிரிப்பில் திறந்திருக்கிறது. அந்தப் படத்தைத்தான் பெரிதாக அடித்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

தாயின் கையில் அதைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதிலை அவன் ஆடிப்போட்டான் எண்டு நாங்கள்தான் வேண்டாமெண்டு விட்டது" என்றார். பிறகு, "அந்த வெட்டின படத்தையும் தாங்கோ" என்று கேட்டார். வெட்கத்தோடு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே கொண்டுபோனார். என்னை மன்னித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தேநீர் தந்தார்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், அந்த ஸ்ரூடியோக்காரர் பின் விறாந்தையில் வெயில் வெளிச்சத்தில் படம் பிடித்தார். பிலிம் கிடைப்பதே அரிதாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் முழுவதும் தெருவில் இறங்கி நடந்தபோது, பிஸ்கற் தகரங்களைச் சுமக்க அவரால் எப்படி முடியும்? 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் அங்கு போய்ப் பார்த்தேன். மாடிப்படி இருந்தது, மாடி இல்லை. அவர் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமாகிவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அந்தச் சிறுவனின் வீட்டிலும் வேறு ஆட்கள் இருந்தார்கள். பழைய குடும்பம் வன்னிக்குப் போனதாகக் கேள்வி. அதற்குமேல் ஒன்றும் அறிய முடியவில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில மாதங்களின் பின்னர் அங்கு போயிருந்தேன். தாய்மார் வைத்திருந்த படங்களில் பல, பிறந்தநாளுக்கோ குடும்பத்தோடோ ஸ்ரூடியோவில் எடுத்தவற்றிலிருந்து முகத்தை மட்டும் பெருப்பித்து பிளாஸ்டிக் உறையிட்டவை. பழக்கதோஷத்தால் நான் முகங்களை விட ஓரங்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு படத்தில் வெட்டுப்பட்ட சேலைக் கரை. இன்னொன்றில் பையனின் தோளில் யாரோ ஒருவருடைய கை. படத்தைப் பிடித்திருந்த அம்மாவிடம், அது யாருடைய கை என்று கேட்டேன். "என்ரைதான்" என்றார்.

என்னிடம் இன்னும் மூன்று படங்கள் இருக்கின்றன. ஸ்ரூடியோக்காரரின் அறிவுரைக்கு முந்தியவை. பிறகு கொடுக்கலாம் என்று அலுவலக மேசை லாச்சியில் போட்டு வைத்து, அந்தப் பிறகு வராமலே போனவை. பெயர் விபரம் எழுதிய குறிப்புப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. படங்கள் மட்டும் எப்படியோ என்னோடு வந்து சேர்ந்தன.

ஒன்று, வெல்வெற் துணியில் குப்புறப் படுத்துத் தலை தூக்கிப் பார்க்கும் ஆண் குழந்தை. இடுப்பில் வெள்ளி அரைஞாண், பின்புறம் இலக்கம் 412. இரண்டு, ஆறு பேர் கொண்ட குடும்பம். தகப்பன் வேட்டி சால்வையோடு கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடித்து வைத்திருக்கிறார், கடைசிப் பிள்ளை அழுகிறது, பின்புறம் ஒன்றுமில்லை. மூன்று, ஒரே துணியில் தைத்த சட்டையணிந்த இரண்டு சிறுமிகள். நாலும் ஆறும் வயது மதிக்கலாம். பெரியவளின் கையில் தொலைபேசி வாங்கி, இடது சப்பாத்தின் வார் கழன்றிருக்கிறது. பின்புறம் இலக்கம் 2174, மை பரவிய முத்திரையில் "யாழ்" என்ற எழுத்துகள் மட்டும் வாசிக்கக்கூடியதாக உள்ளன. சின்னவளின் பின்னால், திரையின் ஓரத்தில், வளையல் போட்ட ஒரு கை தெரிகிறது.

இதனை வாசிப்பவர்களில் எவருக்காவது இந்தப் படங்கள் தெரிந்தவையாக இருக்குமானால் எனக்கு எழுதுங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் கொண்டுவந்து சேர்ப்பிக்கிறேன்.