மடத்துச் சமையலறையில் நடந்த பேச்சு

அக்டோபர் முதல் தேதி குழந்தை தெரசம்மாள் திருநாள். சிறுமலர் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்தப் படம் மறக்காது. பழுப்பு அங்கி, கையில் பாடுபட்ட சுரூபம், அதைச் சுற்றி ரோஜாப்பூக்கள். ஆனால் அவர் என்ன செய்து புனிதர் பட்டம் பெற்றார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். விழிப்பதும் நியாயம்தான். வெளியே தெரியும்படி அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

1873இல் பிரான்சில் பிறந்தார். 15 வயதில் லிசியு நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 24 வயதில் காசநோயால் இறந்தார். ஒரு சகோதரி இறந்தால் அவரது வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி மற்ற கார்மேல் மடங்களுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். தெரசா நோயில் கிடந்தபோது, சமையலறையில் ஒரு சகோதரி, "இவரைப் பற்றி நம் தலைவி என்னதான் எழுதுவாரோ, எழுத ஒன்றுமில்லையே" என்கிற மாதிரி பேசினாராம்.

உண்மையில் என்ன இருந்தது? நடக்க முடியாத, எதிலும் குறை காணும் ஒரு வயதான சகோதரியை மாலைதோறும் கைத்தாங்கலாகச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப்போய், ரொட்டியைத் துண்டு போட்டுக் கொடுத்தார். தியான நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சகோதரி ஓயாமல் சத்தம் எழுப்புவார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நின்றுவிடும். தெரசா திரும்பவில்லை. வியர்த்துக் கொட்ட உட்கார்ந்து, அந்தச் சத்தத்தையே இசையாகப் பாவித்துக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார். துணி துவைக்கும்போது எதிரே இருந்தவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்க வைத்தாலும் விலகவில்லை. (நான் என்றால் முதல் நாளே சண்டைதான்.)

1927இல் திருச்சபை இவரைப் புனித சவேரியாருக்கு இணையாக மறைபரப்புப் பணியின் பாதுகாவலி என்று அறிவித்தது. சவேரியாரை நமக்குத் தெரியும். முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்து, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோனதாக எழுதியவர். மடத்தைவிட்டு வெளியே போகாத ஒரு பெண்ணை அவர் பக்கத்தில் வைத்தார்களே, அது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் பங்கின் நூற்றாண்டு விழா மலர். மறைந்த பங்குமக்களைப் பற்றிச் சேர்க்க ஒரு படிவம் தந்தார்கள். பெயர், வகித்த பொறுப்புகள், செய்த பணிகள். நான் இரண்டு முறை பங்குப் பேரவைப் பொருளாளர். எனக்கு ஒரு படிவம் வந்தால் நிரம்பி வழியும். ஆனால் நான் நிரப்ப வேண்டியிருந்தது என் அக்காவின் படிவத்தை.

அக்கா எந்தச் சபையிலும் இல்லை. பாடற்குழுவிலும் இல்லை. ஞாயிறு திருப்பலிக்குக்கூடப் பல வாரம் வர முடியாது. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் 11 ஆண்டுகள் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டார். அந்த அம்மாவுக்குக் கை கால் போனதே தவிர வாய் போகவில்லை. எப்படி அக்கா பொறுத்துக்கொள்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க திட்ட ஆரம்பிச்சதும் நான் ஜெபமாலையை எடுத்துக்குவேன் தம்பி. அவங்க முடிக்கறதுக்குள்ள 53 மணியும் முடிஞ்சிரும்" என்று சிரித்தார். அந்த அம்மா இறந்தபோது உடன்பிறந்தவளைப்போல் அழுததும் அக்காதான்.

மலர் தயாரிக்கும் பையன் நல்லவன். "சார், ஏதாவது ஒரு பொறுப்பு போடுங்க, அப்பத்தான் பக்கம் ஒதுக்க முடியும்" என்றான். பொறுப்புகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. யாராவது கணக்கு எழுதாவிட்டால் கோவில் கூரை ஒழுகும். ஆனாலும் அக்காவுக்கு இல்லாத பதவியை எழுதக் கை வரவில்லை. பொறுப்புகள் என்ற இடத்தில், "மாமியாரைப் பார்த்துக்கொண்டார், 11 ஆண்டுகள்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மலர் அச்சகத்தில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன் வரும் என்கிறார்கள்.