'கடைசி ஆள் வந்தாச்சா?' - ஹெலீன் புயலுக்குப் பிறகு, சைக்கிளில் நண்பர்களைத் தேடிய ஆஷ்வில்!

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆஷ்வில் நகரத்தில் மற்ற சனிக்கிழமைகளாக இருந்திருந்தால் ஹெல்மெட்டும் சைக்கிள் ஜெர்சியுமாகப் பத்துப் பேர், இருபது பேர் அங்கங்கே கூடி நின்றிருப்பார்கள். 'டயர்ல காத்து போதுமா?', 'இன்னிக்கு எந்த ஏத்தம்?' என்று பேச்சு ஓடும். வராதவருக்கு யாராவது போன் போடுவார்கள்.

அன்று போன் போட முடியவில்லை. சிக்னல் இல்லை, கரன்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நேரில் போய்ப் பார்ப்பது ஒன்றுதான் வழி. காரை எடுத்தால் முதல் திருப்பத்திலேயே சாலையின் குறுக்கே மரம். அதனால், பலர் சைக்கிளை எடுத்தார்கள்.

ஏற்றம் என்றால் இவர்களுக்கு இனிப்பு!

ஆஷ்வில் பெரிய ஊரல்ல. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 650 மீட்டர் உயரம். சுற்றிலும் புளூ ரிட்ஜ் மலைத்தொடர். வடகிழக்கே மிட்செல் மலை, 2,037 மீட்டர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவில் இதைவிட உயரமான சிகரம் கிடையாது.

இந்த மலை முகடுகளின் மேலேயே ஓடுகிறது புளூ ரிட்ஜ் பார்க்வே. வர்ஜீனியாவில் தொடங்கி வட கரோலினாவின் ஸ்மோக்கி மலைகள் வரை 755 கிலோமீட்டர். 1935-ல் வேலையை ஆரம்பித்து, கடைசித் துண்டை 1987-ல்தான் முடித்தார்கள். சரக்கு லாரிகளுக்கு அனுமதியில்லை. வேக வரம்பும் மணிக்கு 72 கிலோமீட்டர்தான். லாரி பயமில்லாத மலைச்சாலை கிடைத்தால் சைக்கிள்காரர்கள் விடுவார்களா? அக்டோபரில் இலைகள் சிவந்து பழுக்கும் பருவத்தில், கார்களும் சைக்கிள்களும் வரிசை கட்டும்.

மண் பாதையில் ஓட்டுகிறவர்களுக்குப் பிஸ்கா தேசியக் காடு இருக்கிறது. பந்தயம்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு, ஃபிரெஞ்ச் பிராட் ஆற்றங்கரையில் கேரியர் பார்க். அங்கே ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்த வட்டப் பாதை, இப்போது சைக்கிள் ஓட்டும் தடம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'மெல்லோட்ரோம்'. உலகம் முழுக்க மவுன்டன் பைக்கர்கள் தேடி வாங்கும் இண்டஸ்ட்ரி நைன் ஹப்களும் இதே ஊரில்தான் தயாராகின்றன. மிதிப்பதை நிறுத்தினால் வண்டுக்கூட்டம் போல 'ர்ர்ர்' என்று சத்தம் போடும் ஹப் அது. வீட்டுக்குள் இருந்தபடியே, வாசலில் யாரோ சைக்கிளில் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

நகரின் மையத்தில் இருந்து டவுன் மவுன்டன் சாலையில் ஏறினால், கிரேவன் கேப் என்ற இடத்தில் பார்க்வேயைத் தொடலாம். வளைந்து வளைந்து சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். இளவட்டங்கள் பறந்துவிடுவார்கள். முழங்கால் வலிக்காரர்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். சைக்கிள் குழுக்களில் 'நோ-டிராப் ரைடு' என்று ஒரு வகை உண்டு. யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. முதலில் ஏறியவர் மேலே நின்று காத்திருக்க வேண்டும். 'ஸ்வீப்' என்று ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். அவர் வந்துவிட்டால், எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தமிழ்நாட்டின் சைக்கிள் குழுக்களிலும் இதே வழக்கமும் இதே சொல்லும் உண்டு.

மலைக்குப் புயல் வருமா?

ஆஷ்வில்லில் இருந்து கடல் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். நாம் புயல் என்பதை அட்லான்டிக் கரையில் 'ஹரிக்கேன்' என்கிறார்கள். அது கடலோரக்காரர்களின் கவலை என்றுதான் மலைவாசிகள் நினைத்திருந்தார்கள். பருவநிலை மாற்றத்துக்குத் தப்பிய பாதுகாப்பான ஊர் என்று இங்கே குடியேறியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் தேசிய வானிலைத் தரவுக் காப்பகம் இருப்பதும் இதே ஊரில்தான். ஹெலீன் அடித்ததில் அந்தக் காப்பகத்தின் இணைய சேவையும் முடங்கிப்போனது!

செப்டம்பர் 26, வியாழக்கிழமை இரவு ஃபுளோரிடா கரையில் ஹெலீன் ஏறியபோது காற்றின் வேகம் மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர். ஆனால், மலையைச் சாய்த்தது காற்று மட்டுமல்ல. புயல் வருவதற்கு முன்பிருந்தே அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊறிப்போன மண்ணின் மேல், வெள்ளிக்கிழமை விடிகாலையில் புயல் மழையும் இறங்கியது. மிட்செல் மலைக்கு அருகில் பியூசிக் என்ற இடத்தில் சில நாள்களுக்குள் 30 அங்குலத்துக்கும் அதிக மழை பதிவானது. ஈர மண்ணில் வேர் பிடிப்பு விட்ட மரங்களைக் காற்று சுலபமாகச் சாய்த்தது. மலைப்பகுதி முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட நிலச்சரிவுகளைப் பின்னர் கணக்கெடுத்தார்கள்.

ஃபிரெஞ்ச் பிராட் ஆறு ஆஷ்வில்லில் 24.67 அடிக்கு உயர்ந்தது. 1916 ஜூலை வெள்ளத்தில் தொட்ட 23.1 அடிதான் அதுவரை உச்சம். நூறு வருடங்களாக, தாத்தா பாட்டிகள் கதையாகச் சொல்லிவந்த வெள்ளம் அது. கேரியர் பார்க், ஓவியர்களும் குயவர்களும் பட்டறை வைத்திருந்த ஆற்றங்கரைக் கலைப்பகுதி, பில்ட்மோர் வில்லேஜ் எல்லாம் தண்ணீருக்குள் போயின. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் மழை விட்டு வெயில்கூட எட்டிப்பார்த்தது. ஆனால், மாநிலத்தின் மேற்குப் பகுதிச் சாலைகள் அனைத்தையும் மூடப்பட்டவையாகவே கருத வேண்டும் என்று போக்குவரத்துத் துறை அறிவித்துவிட்டது. ஆஷ்வில்லில் இருந்து டென்னசி மாநிலத்துக்குப் போகும் 40-ம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்தை, பிஜன் ஆறு பல இடங்களில் அரித்துக்கொண்டு போயிருந்தது.

மரத்தின் மேல் தூக்கிப் போட்டால், அந்தப் பக்கம்!

மலைநாட்டில் சாலை ஆற்றை ஒட்டித்தான் போகும். இணைய இழைக்கம்பிகள் சாலையை ஒட்டிப் போகும். எனவே ஆறு சாலையைத் தின்றபோது கம்பியும் சேர்ந்து அறுந்தது. செல்போன் கோபுரங்களுக்குக் கரன்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்றிக்கொண்டு போகப் பாதையில்லை. வெளியூர்ப் பிள்ளைகளும் பெற்றோர்களும் நாட்டின் மறுமுனையில் இருந்து போன் அடித்து அடித்து ஓய்ந்தார்கள். காணவில்லை, விசாரித்துச் சொல்லுங்கள் என்று கவுன்ட்டி நிர்வாகத்துக்கு ஆயிரக்கணக்கில் வேண்டுகோள்கள் குவிந்தன. அவர்களில் பெரும்பாலானவர்கள் காணாமல் போனவர்கள் அல்ல, பேச வழியில்லாதவர்கள்.

கிடைத்த வழிகளை எல்லாம் பயன்படுத்தினார்கள். மிட்செல் மலையில் இருந்த அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர் தாக்குப்பிடித்து நின்றது. ஹாம் ரேடியோ வைத்திருந்தவர்கள் அதன் வழியாக 'இன்னார் பத்திரம்' என்ற செய்திகளைக் கை மாற்றினார்கள். ஐபோன்களில் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி, ஐ.ஓ.எஸ். 18 மூலம் செப்டம்பர் 16-ல்தான் வந்திருந்தது. அப்டேட் போட்டிருந்தவர்கள் வானத்தைப் பார்த்துப் போனை நீட்டிச் செய்தி அனுப்பினார்கள். நூலக வாசல்களில் வைஃபைக்காகக் கூட்டம். காரில் உட்கார்ந்து பேட்டரி ரேடியோவில் செய்தி கேட்டது இன்னொரு கூட்டம்.

மிச்சமிருந்தது, நேரில் போவது. 2016-ல் வர்தா அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இங்கே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. மலைச்சரிவை அதோடு சேர்த்துக்கொண்டால் போதும். விழுந்த ஓக் மரத்தின் முன்னால் கார் நின்றுவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். பெட்ரோல் பங்க்கில் நீண்ட வரிசை, அதுவும் கார்டு ஓடாமல் ரொக்கம் மட்டும். சைக்கிளுக்கு அந்தக் கவலையில்லை. பேட்டரி சைக்கிள் வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். சார்ஜ் தீர்ந்தால் அது வெறும் கனமான சைக்கிள்.

சுலபமான சவாரி என்று நினைத்துவிட வேண்டாம். அறுந்து தொங்கும் மின்கம்பி செத்ததா, உயிருள்ளதா என்று பார்த்தால் தெரியாது. பயமில்லாமல் கடக்க முடியாது. ஆறு விட்டுப்போன சேறு காய்ந்தால் தூசி. அந்தச் சேற்றில் சாக்கடையும் டீசலும் கலந்திருந்தன. கண்ணாடித் துண்டு, ஆணி, தகரம்... ஒரு பஞ்சர் ஆனால், கழுவித் துடைத்து ஒட்டத் தண்ணீர் இல்லை. நேற்றுவரை பழகிய இறக்கத்தில், திருப்பத்துக்கு அப்பால் சாலையே இல்லாமல் போயிருக்கலாம்.

இங்கே சைக்கிள் நண்பர்களிடம் இருந்த ஒரு விஷயம் அரசாங்கத்திடம் இல்லை. யார் எங்கே இருக்கிறார் என்ற விவரம். முகவரியைச் சொல்லவில்லை, அது எல்லா அலுவலகத்திலும் இருக்கும். தார்ச்சாலை முடிந்து, மண் பாதையில் இறங்கி, ஓடை மேல் போட்ட சொந்தப் பாலத்தைத் தாண்டினால்தான் இன்னார் வீடு என்பது, வாரா வாரம் அந்த வழியே மிதித்துப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். பள்ளத்தாக்குகளுக்குள் இப்படி ஒற்றைப் பாலத்தை நம்பிய வீடுகள் ஏராளம். அந்தத் தனியார் பாலங்கள் பெருமளவில் அடித்துச் செல்லப்பட்டன. பாலம் போனால் உள்ளே இருப்பவர் தீவில் மாட்டிய மாதிரி.

தனியாக வசிப்பவர் யார், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் யார், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் யார் என்பதும் அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்ற நேரத்தில் பேசிப் பேசித் தெரிந்துகொண்டவைதானே அதெல்லாம்!

காட்டில் இரவு தங்கிச் சைக்கிள் பயணம் போகும் பழக்கமுள்ளவர்கள் வீட்டில், தண்ணீர் வடிகட்டி இருக்கும். சின்ன கேஸ் அடுப்பு, நெற்றி விளக்கு, பவர் பேங்க் இருக்கும். விளையாட்டுச் சாமான் என்று வீட்டில் திட்டு வாங்கிய பொருள்களுக்கெல்லாம் திடீரென்று மரியாதை. முதுகுப் பையில் தண்ணீர், மாத்திரை, ரொட்டியோடு ஒரு வீட்டுக்குப் போவார்கள். அங்கே இருப்பவர் அடுத்த வீட்டுக்குச் செய்தி கொடுத்தனுப்புவார். வீடு பூட்டியிருந்தால்தான் வயிறு கலங்கும். ஊரைவிட்டுப் போனாரா, இல்லை வேறு ஏதாவதா? கதவில் ஒரு சீட்டைச் செருகிவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு, அடுத்த பெயரை நோக்கி மிதிக்க வேண்டியதுதான். சைக்கிளும் போக முடியாத மலை வீடுகளுக்குக் கோவேறு கழுதைகள் மீது பொருள்கள் போயின. 2024-ல், அமெரிக்காவில்!

எல்லாத் தேடலும் நல்லபடியாக முடியவில்லை. ஆஷ்வில் இருக்கும் பன்கம் கவுன்ட்டியில் மட்டும் நாற்பது பேருக்கும் மேல் இறந்திருந்தார்கள். நிலச்சரிவில் புதைந்த வீடுகளுக்கு முன்னால், கதவில் சீட்டு வைக்கக் கதவு இல்லை.

தண்ணீருக்கு 53 நாள், சிகரத்துக்கு ஒரு வருடம்

குழாயில் மீண்டும் குடிக்கத் தகுந்த தண்ணீர் வந்தது நவம்பர் 18-ல்தான். 53 நாள்கள்! அதுவரை ஓடையில் வாளியில் மொண்டு வந்து கழிவறைக்கு ஊற்றினார்கள். தேசியக் காடு மூடப்பட்டது. நகரத்தை ஒட்டிய பென்ட் கிரீக் காட்டில், சைக்கிள் தடங்கள் விழுந்த மரங்களுக்கு அடியில் மறைந்தன. பார்க்வேயில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மலை சரிந்திருந்தது. ஆரம்பத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்கூட அனுமதி தரவில்லை. வருமானம் தரும் இலையுதிர் பருவம் அந்த வருடம் இல்லாமலே போனது.

வடக்கே, வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் என்ற சிற்றூரையும் சொல்ல வேண்டும். பழைய ரயில் பாதையை மாற்றிச் செய்த 55 கிலோமீட்டர் 'வர்ஜீனியா கிரீப்பர்' சைக்கிள் தடம்தான் அந்த ஊருக்குச் சோறு. வாடகைச் சைக்கிள், வேன், விடுதி, சாப்பாட்டுக் கடை எல்லாம் அதை நம்பித்தான். டமாஸ்கஸில் இருந்து வைட்டாப் வரை மலை ஏறும் பாதியை, பாலங்களோடு ஹெலீன் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆபிங்டன் பக்கம் இருக்கும் மறுபாதி பிழைத்தது. இறக்கத்தில் சுகமாக உருண்டு வரவே ஆட்கள் வருவார்கள். அந்த இறக்கம்தான் போனது.

40-ம் எண் நெடுஞ்சாலையின் சேதமான பகுதி 2025 மார்ச் 1-ல் திசைக்கு ஒரு தடமாகத் திறந்தது. ஆஷ்வில்லில் இருந்து மிட்செல் மலைக்குப் போகும் பார்க்வே பகுதியும், சிகரத்தில் இருக்கும் மாநிலப் பூங்காவும் திறக்க 2025 செப்டம்பர் ஆகிவிட்டது.

கிரேவன் கேப்பில் இருந்து சிகரம் நோக்கிப் போகிறவர்கள், சரிந்த சரிவுகளின் பழுப்புத் தழும்புகளைச் சாலையோரம் பார்க்கலாம். போக நினைப்பவர்கள் கிளம்பும் முன், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்காத் துறையின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மலை மேல் பல இடங்களில் செல்போன் சிக்னல் எப்போதுமே கிடையாது. எனவே, எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள்.