வாசற்காலும் அம்மாவின் முதுகும்

அம்மாவின் முதுகில் ஏறி மிதித்து வளர்ந்தவள் நான். ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடையிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடு. மாலையானதும் அம்மா பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏறி மிதிச்சு விடுடி, கண்ணு" என்பார். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். "இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்" என்று முனகுவார். நான்காம் ஆண்டு படிக்கும்போது, "போதும், நீ கனத்துப் போயிட்ட" என்று இறக்கிவிட்டார். அதன் பிறகு என் கைகள் அந்த வேலையைப் பார்த்தன.

பால்மரம் வெட்டுபவர்களின் முதுகுவலிக்கு அந்த மரமே ஒரு காரணம். இளமரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கும். ஒவ்வொரு முறையும் மெல்லிய பட்டையொன்று சீவப்படுவதால், வெட்டு ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். மரத்தின் வெட்டு இறங்க இறங்க, வெட்டுபவரின் முதுகும் வளையும். அம்மாவின் கணக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மரங்கள். அடிமட்ட வெட்டாக இருந்தால் 500 முறை குனிய வேண்டும். அது முடிந்த பிறகு காண்டா கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்கி வரவேண்டும்.

2004ஆம் ஆண்டு எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. லயமே மகிழ்ந்தது. அம்மாவின் முதுகை இனி யார் நீவுவார் என்று நான் ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை. மிதிச்சு விடு, அமுக்கி விடு, நீவி விடு, உருவி விடு என்று அம்மா கேட்டதெல்லாம் 'விடு' என்றே முடிந்தது. அது பிறர் நமக்குச் செய்வது. நான் கோலாலம்பூருக்குப் போன பிறகு அம்மாவுக்கு மிஞ்சியது 'நீவிக்கொள்' மட்டுமே. அந்த வேறுபாடு, மொழிக் கழகத்தில் வாய் கிழியப் பேசிய எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு விடுதித் தோழிகள் இருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அடுப்படி வாசற்காலில் முதுகைச் சாய்த்து, மேலும் கீழுமாக அசைந்து தேய்த்துக்கொண்டிருந்தார் அம்மா. தோள்பட்டை உயரத்தில் அந்த மரச்சட்டத்தின் சாயம் போய்ப் பளபளவென்று இருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மாவைத் தனியே அழைத்து, "மாடு மரத்துல ஒரசுற மாதிரி ஒரசாதம்மா. பார்க்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு என் கண்ணெதிரே அவர் வாசற்காலில் சாய்ந்ததே இல்லை. வலி நின்றுவிட்டது என்றுதான் நான் நம்பினேன்.

அடுத்த ஆண்டு விடுமுறையில், ஒரு நாள் நண்பகலில் வேலை முடிந்து வந்த அம்மாவின் வலக்காலில் செருப்பு இல்லை. "எங்கம்மா செருப்பு?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க கழண்டுச்சுன்னே தெரியல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். பல மாதங்களாகவே வலக்கால் மரத்துப்போகிறதாம். "ஒனக்குப் பரீட்சை நேரம். அதான் சொல்லல."

அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்புப் பகுதியில் முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், மருந்தும் உடற்பயிற்சியும் போதும் என்றார்கள். அதுவரைக்கும் எனக்கு உயிர் உயிராக இல்லை.

இயன்முறைச் சிகிச்சையாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. உடற்பயிற்சிகளைக் கற்றுத்தந்த பிறகு, தசை இறுக்கத்திற்கென்று ஒரு டென்னிஸ் பந்தைக் காலுறைக்குள் போட்டுக் கொடுத்தார். பந்து சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பாதங்களைச் சற்று முன்னே வைத்து, முழங்காலை இலேசாக மடக்கிச் சாய வேண்டும். எலும்பின் மேல் கூடாது; அதன் இரு பக்கத்துச் சதையில்தான். இறுக்கமான இடம் அகப்பட்டால் அங்கேயே 20, 30 விநாடி நிறுத்தி மெதுவாக மூச்சு விட வேண்டும். வலி கூடினால் விட்டுவிட வேண்டும். காலுறையின் மறுமுனையைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டால் பந்து விழாது.

அம்மா செய்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதத்தான நான் வாசக்கால்ல செஞ்சேன்?"

எனக்குத் தலை தானாகக் கவிழ்ந்தது.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சியோடு உடல் பிடித்துவிடுதலையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2020இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகவும் அது கூறுகிறது. பெயர் தெரியாமலே அம்மா செய்துவந்த வைத்தியம் பொய்யில்லை.

ஆனால் அந்தப் பெண்மணி கடைசியாகச் சொன்னதுதான் என் நெஞ்சில் நிற்கிறது: "தேய்த்தால் தசை இளகும். நரம்பை அழுத்தும் தட்டு நகராது. கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே வாருங்கள்." முதுகின் மேல் ஆள் ஏறி மிதிப்பதையும் கூடவே கூடாது என்றார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இன்று அந்தத் தோட்டத்தில் செம்பனை நிற்கிறது. லயம் இல்லை. நாங்கள் சிரம்பானில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறோம். இரவில் அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். சூடு உணராத கால் என்பதால், முடிச்சை முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துத்தான் தருவேன். பிறகு வரவேற்பறைச் சுவரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பந்தை வைத்துச் சாய்ந்து நிற்போம். நாளெல்லாம் கணினி முன்னால் உட்காரும் எனக்கும் இப்போது அது தேவைப்படுகிறது. விருந்தினர் வந்தாலும் நிறுத்துவதில்லை.

தம்பி, தங்கைகளே, இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மாவின், அப்பாவின் முதுகை ஒரு பத்து நிமிடம் நீவி விடுங்கள். கை நீவிக்கொண்டிருக்கும்போதே வாயும் கேட்கட்டும்: "கால் மரத்துப் போகுதாம்மா?" பரீட்சை நேரம் என்று அவர்கள் மறைத்து வைத்திருப்பது அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கலாம்.