கடல் கடந்து வந்த வால்வுகள்

வகுப்பில் வால்வு என்று சொன்னால் பிள்ளைகள் சைக்கிள் ரியூப்பைத்தான் நினைக்கிறார்கள். அவர்களிலும் பிழையில்லை. திரான்சிற்றர் வந்து கண்ணாடிக் குமிழ்களை வானொலிகளிலிருந்து விரட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. எங்கள் குடாநாட்டிலே திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் பாட்டுப்போட்ட பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குள் அவை எரிந்தன. 1990 இல் மின்சாரம் நின்றபின், சனங்கள் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட ஆண்டுகளில், அந்தப் பெட்டிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. டைனமோ தரும் மூன்று வாற்று, ஒரு பெரிய வால்வின் இழையைச் சூடாக்கவே காணாது.

கிட்டார்க்காரர் மாத்திரம் வால்வைக் கைவிடவில்லை. 1962 இல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடையிலிருந்து, அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மானைப் பார்த்துச் செய்த ஒரு பெட்டி வெளிவந்தது. அந்த மரபில் வந்த இன்னொரு பெட்டி, 50 வாற்று, இரண்டு ஈ.எல்.34 வால்வுகளுடன் சென்ற வருடம் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. என் பழைய மாணவன் ஒருவனின் தாய்மாமன் இருபது வருடமாய் லண்டன் கலியாணங்களில் வாசித்தது. கை நடுங்கத் தொடங்கவே, மருமகனுக்கு என்று கப்பலில் போட்டுவிட்டார். கொழும்புத் துறைமுகம், பிறகு லொறி, ஏ-9 வீதி.

"மாமா எல்லாம் செக் பண்ணித்தான் அனுப்பினவர் சேர். போட்டுப் பாப்பமே?"

"இண்டைக்கு வேண்டாம் தம்பி. ஒரு இரவு இருக்கட்டும்."

பெட்டிக்குள் கடற்காற்றின் ஈரம் இருக்கலாம். அத்தோடு லண்டனில் சரிபார்த்தது லண்டனுக்குத்தான் சரி. வால்வின் நெய்யரிக்கு 35, 40 வோல்ற் அளவில் மறை அழுத்தம் கொடுத்து, சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் பாயலாம் என்று கட்டுப்படுத்துவதையே பயஸ் என்கிறார்கள். அது குறைந்தால் வால்வு தன்னைத்தானே எரித்துக்கொள்ளும்; கூடினால் ஓசை வரண்டுவிடும். வாய்க்காலில் மதகுப்பலகையை எவ்வளவு இறக்குவது என்பது போன்ற விவகாரம்.

மறுநாள் முதலில் கண்ணாலே பார்த்தோம். வால்வின் உச்சியில் வெள்ளிப்பூச்சு வெள்ளிநிறமாகவே இருந்தது. காற்றுப் புகுந்திருந்தால் பால்போல வெளுத்திருக்கும். ஸ்பீக்கரைக் கொழுவாமல் ஆளியைப் போடக்கூடாது, வெளியீட்டு நிலைமாற்றி பழுதாகிவிடும். இன்னொன்றை அவனுக்கு மூன்று தரம் சொன்னேன். பிளக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் 450 வோல்ற் தங்கி நிற்கும், ஆளைக் கொல்ல அது போதும். மின்னிறக்கி, மீற்றரால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்கலாம். ஆளி போட்டிருக்கையில் அளப்பதானால் ஒரு கை காற்சட்டைப் பைக்குள் இருக்கவேண்டும். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

யாரோ ஒரு திருத்துநர் புண்ணியவான் ஒவ்வொரு கதோட்டிலும் ஒரு ஓம் தடையி வைத்திருந்தார். அதன் குறுக்கே எத்தனை மில்லி வோல்றோ, அத்தனை மில்லி அம்பியர். ஈ.எல்.34 இன் அனோட்டு தாங்கும் வலு 25 வாற்று. 450 வோல்ற்றில் அது 55 மில்லி அம்பியர். அதில் எழுபது வீதம், 39க்குக் கிட்ட வைப்பது வழக்கம்.

கால் மணித்தியாலம் சூடாக விட்டு அளந்தால் ஒன்று 38. மற்றது 41 காட்டி நின்றது. ஈர்க்குப் போன்ற மெல்லிய மரக்குச்சியால் அதை மெல்லத் தட்டியவுடன் 64க்கு ஏறி, உள்ளே தகடு மங்கலாகச் சிவக்கத் தொடங்கிற்று. நிற்பாட்டினேன். வால்வுகளை இடம் மாற்றிப் போட்டு மறுபடி தட்டினோம். வியாதி வால்வோடு போகவில்லை. அதே குழியிலேயே இருந்தது. லொறியின் குலுக்கலோ கடலின் உப்போ, நெய்யரிக் காலைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்து கறுத்திருந்தது. மாமா பார்த்தபோது அது சரியாகவே இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை என்று பையனுக்குச் சொல்லவேண்டியிருந்தது, ஏனெனில் அவன் முகம் அப்படிப் போயிருந்தது.

கவ்வியைத் துடைத்து இறுக்கினோம். இரவு ஏழு மணிக்கு அளந்தால் 33, 34.

"குறைவாக் கிடக்கு சேர், கூட்டுவமே?"

சுவர்ச் செருகியில் மீற்றரை வைத்துக் காட்டினேன். 212 வோல்ற். ஊரெல்லாம் மோட்டரும் மின்குமிழும் ஓடுகிற நேரம். இப்போது கூட்டினால் ஊர் உறங்கியபின் அழுத்தம் ஏற, மின்னோட்டமும் கூடவே ஏறும். அவர்களுடைய கச்சேரிகளோ பத்து மணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும்.

காத்திருந்தோம். தாயார் தேத்தண்ணி தந்தார். பத்தரைக்குச் செருகியில் 238. மீற்றரில் 39, 40. திருகாணியை நான் தொடவேயில்லை. அது அசையாதிருக்க நகப்பூச்சு ஒரு துளி இட்டு, திகதியையும் இரு எண்களையும் அன்றைய வோல்ற்றையும் பெட்டியின் அடிப்பலகையில் பென்சிலால் எழுதினேன். அங்கே ஏற்கெனவே வேறொரு கையெழுத்தில் நான்கைந்து திகதிகள் இருந்தன. பையன் அவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து லண்டனுக்கு அனுப்பிவிட்டுக் கிட்டாரைக் கொழுவினான்.